எடுக்கப் போய் எடுக்காமல் வந்த சீட்டு

கொல்லிமலைக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். அமிர்தசரஸுக்கும் அஜ்மீருக்கும் வழி சொன்னவனுக்குச் சொந்த ஊர்ப் பக்கத்து மலைக்கு வழி தெரியாதா என்று ஒருவர் கிண்டலும் செய்திருந்தார். நியாயமான கிண்டல்தான். வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கிழக்கே தெரிகிற மலை அது. எட்டு வருடமாக நான் அதில் கால் வைக்கவில்லை. போன பிப்ரவரி மாதம், 2006இல், ஒரு வெள்ளிக்கிழமை போய் வந்தேன். பஸ் நேரமும் செலவும் சரியாகக் குறித்து வைத்திருக்கிறேன், எல்லாம் சொல்கிறேன். ஆனால் ஏன் எட்டு வருடம் போகவில்லை என்பதைச் சொல்லாமல் அதை எழுதினால் பாதிப் பொய்யாகிவிடும்.

1998 கோடையில் எங்கள் கிணற்று மோட்டார் திருடு போனது. கிணறு எனக்கும் என் பெரியப்பா மகன் செல்லமுத்து அண்ணனுக்கும் பொது. ஒரே கொட்டகையில் இரண்டு மோட்டார், ஒரே பூட்டு, அவர் வீட்டில் ஒரு சாவி, என் வீட்டில் ஒரு சாவி. பூட்டு உடையவில்லை. என் மோட்டார் மட்டும் இல்லை, அவருடையது அப்படியே இருந்தது. சின்ன வெங்காயம் காய் பருக்கிற நேரம். அண்ணன் தன் முறைத் தண்ணீரை விட்டுக்கொடுத்து, தன் மோட்டாரைப் போட்டு என் காட்டுக்குத்தான் முதலில் பாய்ச்சினார். எனக்கு அதுவே சந்தேகமாகிவிட்டது. செய்த தப்பு உறுத்துகிறது, அதனால்தான் பாய்ச்சுகிறார் என்று முடிவு கட்டினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்களே, அது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காவல் அம்மன் கோயில் இருக்கிறது. பெயரை இங்கே எழுத மாட்டேன். தேவைப்படுகிறவர்களுக்கு மலையே வழி சொல்லும். மோசம் போனவர்கள் தங்கள் பிராதை ஒரு சீட்டில் எழுதி அம்மன் முன்னால் நட்டிருக்கும் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். யார்மேல் பிராதோ அவர் பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றும் இருக்க வேண்டும். மிச்சத்தை அம்மன் பார்த்துக்கொள்வாள். நான் அந்த மாதமே ஏறிப் போய் அண்ணன் பெயரை எழுதிக் கட்டினேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஆள் பிடிபட்டான். என் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பழுது பார்க்க நானே கூட்டி வந்தவன். கொட்டகைச் சாவியை ஒருநாள் பூராவும் அவன் கையில் கொடுத்து வைத்திருந்ததும் நான்தான். அண்ணன் அன்று என் வீட்டுக்கு வந்து, போனது போகட்டும், ஆள் தெரிந்ததே போதும் என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவர் தந்த ஆறுதலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலையில் அவர் பெயர் தொங்குகிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

கட்டிய சீட்டை எடுக்க ஒரு முறை உண்டு. கட்டியவரும் யார்மேல் கட்டினாரோ அவரும் சேர்ந்து போக வேண்டும். எனவே எடுக்க வேண்டுமென்றால் அண்ணனிடம் சொல்லியாக வேண்டும். அதற்குப் பயந்துகொண்டுதான் நான் ஊர் ஊராகக் கும்பிடப் போனேன் என்று இப்போது தெரிகிறது. கோழி மருந்து விற்கிற வேலை, வடக்கே அடிக்கடி அனுப்புவார்கள். அமிர்தசரஸில் பொற்கோயில் வாசலில் வந்தவர்களின் செருப்பை இரண்டு மணி நேரம் துடைத்து வைத்தேன். அஜ்மீரில் தர்காவின் ஜாலி என்கிற துளைச் சன்னலில் நூல் கட்டினேன். நாகூரில் ஒரு வியாழன் இரவு தங்கினேன். மூன்றையும் இதே பக்கத்தில் விரிவாக எழுதி, நீங்களும் பாராட்டினீர்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான் அத்தனையும்.

இந்தத் தையில் அண்ணனுக்குப் பேத்தி பிறந்தது. நல்லபடியாகப் பிறந்தால் அறப்பளீஸ்வரர் கோயில் மீனுக்குப் பொரி போடுவதாக வேண்டியிருந்தாராம். முழங்கால் வலி, தனியாகப் போக முடியாது, கூட வருகிறாயா என்று என்னைக் கேட்டார். நானாகக் கூப்பிடாமலே வாய்ப்பு வந்துவிட்டது. போகிற வழியில் சொல்லிவிடலாம், அப்படியே சீட்டையும் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

நாமக்கல் பஸ் நிலையத்தில் காலை 6.15க்கு அறப்பளீஸ்வரர் கோயில் வரை போகும் பஸ். ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், டிக்கெட் 22 ரூபாய். 7.15க்குக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய கல் உண்டு. வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் வெறும் வயிற்றிலும் ஏற வேண்டாம், வயிறு முட்டவும் சாப்பிட வேண்டாம். இரண்டு இட்லி சரியான அளவு. வாந்தி வருகிறவர்கள் சன்னல் ஓரம் மாறிக்கொள்ளுங்கள் என்று கண்டக்டர் இரண்டாவது வளைவிலேயே சொல்லிவிடுகிறார்.

அண்ணன் சன்னலோரம் உட்கார்ந்து வளைவுகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார். இருபதாவது வளைவில் சொல்லலாம் என்று நினைத்தேன், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நாற்பதில் நினைத்தேன், அண்ணன் பேத்திக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று என்னிடமே கேட்டார். எழுபது முடிந்து சோளக்காட்டில் வாழைத்தாரும் மிளகு மூட்டையும் ஏற்றுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். செம்மேட்டில் பத்து நிமிடம் நின்றது, டீ மூன்று ரூபாய். கோயிலுக்குப் போய்ச் சேரும்போது மணி 9.35.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஓடும் ஆற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும். யாரும் பிடிக்க மாட்டார்கள். அறுத்துச் சமைத்த மீனைச் சாமி பொருத்தி உயிர் கொடுத்து ஆற்றில் விட்டார் என்பது கதை. பொரி வெளியே கடையில் விற்கிறார்கள், பாக்கெட் ஐந்து ரூபாய். அண்ணன் நான்கு பாக்கெட் வாங்கினார். இரண்டைப் பேத்தி பெயரில் போட்டார். மூன்றாவதை என் கையில் கொடுத்து, என் மகள் பரீட்சைக்குப் போடச் சொன்னார். நான்காவதை இருவரும் சேர்ந்து போட்டோம். ஆகாய கங்கை அருவிக்குப் படிகள் ஆயிரத்துக்கு மேல், முழங்கால் வலிக்காரர்களுக்குச் சரிப்படாது. நாங்கள் மேலிருந்தே சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பினோம்.

அண்ணி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டதும், பக்கத்தில் ஒரு அம்மன் கோயில் இருக்கிறது, பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். அண்ணன் யோசிக்காமல் சரி என்றார். ஜீப் பேசினேன். கோயிலுக்குப் போய், காத்திருந்து, செம்மேட்டில் இறக்கிவிட 350 ரூபாய். ஓட்டியவர் மலையிலேயே அரியூர் நாட்டுக்காரர், மரவள்ளிக் காடு வைத்திருப்பவர், அறுவடை இல்லாத நாளில் ஜீப் ஓட்டுகிறார். எந்தக் கோயில் என்று சொன்னதுமே கண்ணாடியில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, சீட்டுக் கட்டவா, எடுக்கவா?"

சும்மா கும்பிடத்தான் என்றேன்.

"கீழ்நாட்டுலிருந்து சும்மா கும்பிட யாருங்க அங்க வாராங்க," என்றார் அவர்.

அண்ணன் சிரித்தார். இவனுக்கு ஊரிலிருக்கிற கோயிலெல்லாம் பார்த்து கம்ப்யூட்டரில் எழுதணும், அதுதான் வேலை என்று எனக்காகப் பதில் சொன்னார். அப்போதாவது ஜீப்பை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ரோட்டோரத்தில் ஒரு மரத்தடியில் வைத்துச் சொல்லியிருக்கலாம். அம்மன் முன்னால் சொன்னால் கோபப்பட மாட்டார் என்று ஒரு எண்ணம் எனக்கு. உண்மையில் அது கணக்கு. சாமிக்கு முன்னால் நிறுத்திவிட்டால் மறுக்க முடியாது என்ற கணக்கு.

கோயில் சிறியது. கூரைக்கு வெளியே வேல்கள் நெருக்கமாக நட்டிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் கட்டுக்கட்டாகச் சீட்டுகள். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து பலதும் கூழாகி ஒட்டிக் கிடக்கின்றன. நான் கட்டியதை என்னாலேயே அடையாளம் காண முடியவில்லை. பூசாரி நடுவயதுக்காரர். எடுக்க வந்திருக்கிறேன் என்று நான் அவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன். காகிதம் போய்விட்டால் பிராது போனதாக அர்த்தமில்லை, ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி அவிழ்த்தால் போதும் என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற குரலிலேயே கேட்டார்.

"யாரு பேருல கட்டுனீங்களோ அவுங்க வந்திருக்காங்களா? அவுங்க வாயால, எனக்கு இதுல மனக்குறை இல்லை தாயேன்னு சொல்லோணும். சொல்லீட்டா அவுத்தர்லாம்."

அண்ணன் திருநீறு பூசிக்கொண்டிருந்தார். கை நின்றது. நான் அவரிடம் போய்ச் சொன்னேன். மோட்டார், 98, சீட்டு, அவர் பெயர், பெரியப்பா பெயர். ஆள் பிடிபட்டதுமே எடுத்திருக்க வேண்டும், தள்ளிப் போய்விட்டது, இப்போது ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும் என்றேன். முழுவதும் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பூசாரி துணியோடு காத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் கோபப்படவில்லை. வேல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எந்த வேல் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

"காலைல பஸ் ஏறும்போது கேட்டிருந்தா, உம்மேல ஒரு குறையும் இல்லைன்னு சத்தியம் பண்ணியிருப்பேன் கண்ணு," என்றார். "இப்ப இருக்குது. இருக்கறத இல்லைன்னு அம்மா முன்னால எப்படிச் சொல்றது?"

பூசாரி துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டார். அவருக்கு இது புதிதில்லை போல. இன்னொரு நாள் மனசு ஒத்து வாங்க என்று மட்டும் சொன்னார். அண்ணன் அம்மனை விழுந்து கும்பிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, போய் ஜீப்பில் உட்கார்ந்தார். நான் கை கொடுக்கப் போனேன். அதற்குள் எழுந்துவிட்டார்.

செம்மேட்டில் 3.30 பஸ். அண்ணன் கண்டக்டரிடம் தனக்கு மட்டும் ஒரு டிக்கெட் எடுத்தார். பக்கத்தில்தான் உட்கார்ந்தார். இறங்கும்போது வளைவுகளை எண்ணவில்லை. ஒரே ஒரு முறை, முப்பதுக்குப் பக்கத்தில் என்று நினைக்கிறேன், சீட்டுக் கட்டிய பிறகு வந்த பொங்கலுக்கு நீ எங்கள் ஊட்டில்தானே சாப்பிட்டாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். எட்டுப் பொங்கலுக்கும் அங்கேதான் சாப்பிட்டேன். 5.45க்கு நாமக்கல்.

பத்து நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி வழக்கம்போல டீ கொடுத்தார், மலைக் கதை கேட்டார். அண்ணன் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. அண்ணி உள்ளே போனதும், தப்புப் பண்ணிவிட்டேன் அண்ணா என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, மலையில் நான் அதைச் சொல்லவே இல்லை. தள்ளிப் போய்விட்டது என்றேன், முடிந்துவிடும் என்றேன், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். என் பாரத்தை இறக்கிக்கொள்ள அவருடைய வாயைக் கேட்டேன். எட்டு வருடம் சொல்லாததைவிட அந்த ஒரு நிமிடம்தான் இப்போது அதிகமாக வலிக்கிறது. அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரிங்க," என்றார். பிறந்ததிலிருந்து என்னைக் கண்ணு என்று கூப்பிட்டவர்.

இனி போகிறவர்களுக்கு. பிப்ரவரியில் பகலில் வெயில் உண்டு, மாலை நான்குக்கு மேல் குளிர் ஏறும், ஒரு துண்டாவது வேண்டும். கடைசி பஸ்ஸை நம்பிக் காத்திருக்க வேண்டாம், அதற்கு முந்தையதைப் பிடியுங்கள். நாங்கள் போன அன்று மதியம் ஒரு மணிக்கு அறப்பளீஸ்வரர் கோயில் நடை சாத்தினார்கள், எனவே மீனுக்குப் பொரி போடுவதையும் தரிசனத்தையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். மிளகு வாங்குவதானால் சோளக்காட்டில் வாங்குங்கள். எங்கள் இருவருக்கும் சாப்பாடு போக மொத்தச் செலவு ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

சீட்டு எடுக்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் இன்னொன்று. மலைக்குப் போகும் முன் அவர் வீட்டுக்குப் போங்கள். சாமியைத் துணைக்கு வைத்துக்கொள்ளாமல் தனியாகச் சொல்லுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், முகம் திருப்பினால் திரும்ப வரும்வரை பொறுங்கள். மலைக்கு வா என்று நீங்கள் கூப்பிடாதீர்கள். போய் எடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று அவராகச் சொல்லும் நாளில்தான் பஸ் ஏற வேண்டும். நான் அந்த நாளுக்காகத்தான் காத்திருக்கிறேன். அண்ணனுக்கு வருகிற ஆனியோடு அறுபத்தாறு முடிகிறது.