மூன்றாம் பாகத்து அண்ணன்

மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டில் இறங்காமல் மரம் முழுக்க வழிந்து வீணாகும். அதனால் குருவிட்டைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் மழை நாள் என்றால் வேலையில்லாத நாள். பால் வெட்டுகிற என் கூட்டாளிக்கு அது விளையாட்டு நாள்.

அவன் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஒரு வருடம் கொழும்பில் கடையொன்றில் வேலைக்கு நின்றுவிட்டு ஒரு பழைய கம்ப்யூட்டரோடு திரும்பி வந்தான். லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறையில், அவன் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அது இருந்தது. அதில் அவன் ஆடியதெல்லாம் ஒரே விளையாட்டுத் தொடர்தான். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு பழைய காலத்து நகரம், கூரைக்குக் கூரை தாவி ஓடுகிற ஒருவன், அவன் கையில் ஒரு குட்டைக் கத்தி, அவனுக்குத் தீர்க்க ஒரு பழி. பேச்செல்லாம் ஆங்கிலம். கீழே எழுத்து ஓடும். அதை வாசித்துத் தமிழில் சொல்வது என் வேலை.

எங்கள் குடும்பத்தில் ஏ.எல்., அதாவது உயர்தரம் வரைக்கும் போன முதல் ஆள் நான். ஆங்கிலத்தில் எனக்குக் கிடைத்தது சாதாரண சித்தி, தேறியதில் கடைசிப் படி. அதன் அளவு என்ன என்பது எனக்குத் தெரியும், லயத்தில் வேறு யாருக்கும் தெரியாது. எங்கள் வரிசையில் எழுத்து உள்ள எதுவும் என்னிடம்தான் வரும். பிரதேச சபைக் கடிதம், மருந்துப் பெட்டி, தொலைபேசியில் வரும் செய்தி, எல்லாம். "படிச்ச புள்ள இருக்கு, கேட்டுக்குவோம்" என்பார்கள். தெரியாது என்று நான் சொன்னால் கேட்டு வந்தவர் கோபிக்க மாட்டார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் என் அம்மாவின் முகம்தான் விழுந்துபோகும். அதனால் தெரிந்த சொற்களைப் பிடித்துக்கொண்டு மீதியை நானே நிரப்பப் பழகினேன். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது. சரியாக இருந்தது என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் பாகத்தை அவன் இரண்டு வருடத்துக்கு முந்திய மழையில் ஆடினான். நான் பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்திருப்பேன். கட்டிலில் அவன் அம்மா மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருப்பார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவருக்கும் கதை வேண்டும்.

துறைமுகத்தில் ஒரு காட்சி வந்தது. நெட்டையான ஒருவன் நாயகனோடு வாக்குவாதப்படுகிறான், சிப்பாய்கள் வருகிறார்கள், நெட்டையன் அவர்களுக்கு முன்னால் போய் இரண்டு கைகளையும் நீட்டுகிறான். எழுத்து விறுவிறுவென்று ஓடிவிட்டது. எனக்கு நாலைந்து சொற்கள்தான் பிடிபட்டன.

"யாருடா அது?" என்றான் கூட்டாளி.

"ஆமா, யாரு தம்பி அந்த ஒசந்த பையன்?" என்றார் அத்தை.

நீட்டிய கைகளைப் பார்த்தேன். "அது இவனோட அண்ணன்," என்றேன். "தம்பி செஞ்ச கொலைய நான்தான் செஞ்சேன்னு சொல்லி விலங்கு மாட்டச் சொல்றான்."

அத்தை கத்தியைக் கீழே வைத்தார். "கூடப் பொறந்தவன்ல," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். கூட்டாளி விளையாட்டை நிறுத்தி, அந்தக் காட்சியை இன்னொரு தடவை போட்டான்.

அன்றிலிருந்து அந்த அண்ணனை நான் காப்பாற்ற வேண்டியிருந்தது. பிறகு வந்த காட்சிகளில் நெட்டையன் சிப்பாய்களோடு நின்று சிரித்தால், அது வெளிவேஷம் என்றேன். கடைசியில் அவன் காணாமல் போனதும், அடுத்த பாகத்தில் வருவான் என்றேன். உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு அது பிடித்திருந்தது. நான் சொல்லச் சொல்ல இரண்டு பேர் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதே மழையில்தான் அத்தை ரத்தினபுரிக்குக் கண் கிளினிக்குப் போய் வந்தார். அவருக்குச் சீனி வியாதி. கொடுத்தனுப்பிய கடதாசியை நீட்டியபோது கூட்டாளி ஒரு கோட்டை மதிலில் பாதி ஏறியிருந்தான். அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அச்சடித்த பகுதியை வாசித்தேன். கீழே டாக்டர் கையால் கிறுக்கிய இரண்டு வரிகள் இருந்தன. வழக்கமாக எழுதுகிறதுதானே என்று நினைத்தேன்.

"பயப்பட ஒண்ணுமில்ல அத்தை. குடுத்த மருந்தப் போடச் சொல்லியிருக்கு."

அத்தை கடதாசியை மடித்துப் பொலித்தீன் பையில் வைத்தார். கூட்டாளி மதிலில் ஏறினான்.

குருவிட்டை டவுனில் ஒரு ஃபோன் கடை இருக்கிறது. கடைக்காரர் முஸ்லிம், நானா என்று கூப்பிடுவோம். அவரும் இந்தத் தொடரில் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவோம். எந்தப் பாகம் நல்லது, எது குப்பை என்று மணிக்கணக்காகப் பேச்சு நடக்கும். என் கூட்டாளிக்கு அங்கே ஒரு மதிப்பு இருந்தது. தோட்டத்தில் அவன் இன்னாரின் மகன், இன்ன மலையில் பால் வெட்டுகிறவன். கடையில் அவன் பேச ஆரம்பித்தால் நானா கையிலிருக்கும் ஃபோனைக் கழற்றுவதை நிறுத்திவிடுவார்.

இந்த வருடம் ஒரு ஞாயிறு நானாவின் மருமகன், அவருடைய தங்கை மகன், வந்திருந்தான். ரத்தினபுரியில் ஆங்கிலத்தில் படிக்கிறவன். எங்களைவிட ஐந்தாறு வயது குறைவு.

"சண்டைக்கு ரெண்டாவது பார்ட்டு, கதைக்கு மூணாவது," என்று கூட்டாளி தொடங்கினான். "அதுக்குப் பொறவு வந்ததெல்லாம் வெறும் மேப்புதான்."

"நாலாவதுல கடல் ஈக்கி, கப்பல் ஈக்கி," என்றான் மருமகன். "அது போதாதா?"

"கப்பல் ஓட்டவா அவனுக்குக் கத்தியக் குடுத்தாங்க? பாதி நேரம் தண்ணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அதுக்கு நான் தோட்டத்து லொறியில பின்னால ஏறி பால் ஸ்டோருக்குப் போயிருவேன்."

நானா சிரித்தார். "கடல் ஒத்துக்காது இவருக்கு. மலைக்காட்டு ஆள்."

"சிரிங்க நானா. ரெண்டாவதுல அவன் கத்தி பிடிக்கிற கையப் பாத்திருக்கீங்களா? மணிக்கட்டு மட்டுந்தான் திரும்பும், தோள் அசையாது. நாங்க மரத்துல வெட்டுறதும் அப்பிடித்தான். ஆறாவதுல வெளக்கமாத்தப் பிடிச்ச மாதிரி பிடிக்கிறான்."

"ஆறாவதுல கிராபிக்ஸ் எப்பிடி?" என்றான் மருமகன்.

"வெளக்கமாறு பளபளன்னு இருக்கு."

மருமகனும் சிரித்துவிட்டான். கூட்டாளிக்கு உற்சாகம் ஏறியது. "எல்லாப் பார்ட்டுலயும் ஒரு கொறை பொதுவா இருக்கு. கொட்டுற மழையில கூரையில ஓடுறான், ஒருக்கா கூட வழுக்கல. எங்க லயத்துத் தகரத்துல வந்து ஓடச் சொல்லுங்க பாப்போம்."

"அவன் ஹீரோ," என்றான் மருமகன்.

"எங்க கங்காணியும் அப்பிடி நெனச்சுக்கிட்டுத்தான் தகரம் மாத்த ஏறினாரு. இப்ப இடுப்புல பெல்ட்டு."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் அவன் சொன்னான்: "என்ன கொறை இருந்தாலும் மூணாவதுல அந்த அண்ணன் கைய நீட்டுற எடம் இருக்கே. அதுக்கு நிகரா இந்தத் தொடர்ல எதுவுமே இல்ல."

"எந்த அண்ணன்?" என்றான் மருமகன்.

"தொறைமுகத்துல. தம்பிக்காகப் பழிய ஏத்துக்கிறானே, நெட்டையா."

மருமகன் தலையை ஆட்டி மறுத்தான். "அவன் அண்ணன் இல்லயே. காட்டிக் குடுக்கிறவன். கவர்னர்ட்ட வீடொண்ணு கேட்டு இவன வித்துட்டான்."

"ஒனக்கு வெளங்கல. விலங்குக்குத்தானே கைய நீட்டுறான்."

"சாவிக்கு நீட்டுறான். வீட்டுச் சாவி."

சொல்லிக்கொண்டே தன் ஃபோனில் அந்தக் காட்சியைத் தேடி எடுத்து மேசையில் வைத்தான். ஓடவிட்டு, நிறுத்தி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். தடங்கல் இல்லாமல், பால்மா பெட்டியில் இருப்பதை வாசிக்கிற மாதிரி. சிப்பாய் நெட்டையனின் கையில் எதையோ வைக்கிறான். கூட்டாளியின் கம்ப்யூட்டரில் இருட்டாகத் தெரிந்த இடம் அது. இந்த ஃபோனில் சாவி தெளிவாக மின்னியது.

"இத ஒங்களுக்கு இப்பிடி யார் சொன்ன?" என்றான் மருமகன்.

கூட்டாளி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நானே சொல்லியிருப்பேன் என்று பிறகு பலமுறை எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

"யாரும் சொல்லல," என்றான். "இங்கிலீசு வெளங்காதுல்ல. படத்தப் பாத்து நானே ஒண்ணு கட்டிக்கிட்டேன்."

"பிஸ்ஸு தம்பி நீங்க," என்று நானா தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுழற்றிச் சிரித்தார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மருமகன் அவனை "அண்ணே, சாவி அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த சார்ஜர்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்தால் ஒரே ஒரு வரிதான் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு யாரோ ஐந்தாம் பாகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கூட்டாளி எழுந்து வாசலுக்குப் போய்ப் பஸ் வருகிறதா என்று பார்த்தான்.

பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான்.

"மச்சான், நான் வந்து..."

"விடு."

தோட்டத்துச் சந்தியில் இறங்கும்போது, "நாளைக்கு மழை இருக்கும்போல," என்றான். அவ்வளவுதான்.

மழை இருந்தது. வழக்கம்போல நான் போனேன். பெயின்ட் வாளி அதே இடத்தில் இருந்தது. அவன் ஏழாம் பாகம் ஆடிக்கொண்டிருந்தான். ஆட்கள் பேச ஆரம்பிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு பொத்தானை அமத்தினான். காட்சி வெட்டுப்பட்டு நேரே சண்டைக்குப் போனது. ஒரு கிழவன் சாகும் தறுவாயில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதையும் அமத்தினான்.

"கதை வேணாமா?" என்றேன்.

"சண்டைக்குத்தான் ஆடுறேன்."

கட்டிலில் அத்தை அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். தட்டை முகத்துக்கு மிகக் கிட்டத்தில், இடது பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தார். பொறுக்கிப் போட்டதில் கல்லைவிட அரிசிதான் அதிகம். கூட்டாளியும் அதைப் பார்த்தான். விளையாட்டை நிறுத்தினான். எழுந்து தகரப் பெட்டியிலிருந்து பொலித்தீன் பையை எடுத்து, அதிலிருந்த கடதாசியை விரித்து என் கையில் தந்தான்.

"இதுல எழுதியிருக்கிறத மட்டும் சொல்லு," என்றான் மெதுவாக. "தெரியாட்டித் தெரியாதுன்னு சொல்லு."

அச்சடித்ததை வாசித்தேன். அதில் நான் சொன்னது பிழையில்லை. கையால் எழுதிய இரண்டு வரிகளுக்கு வந்தேன். கடதாசியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். மறுபடி வரச் சொல்லியிருக்கிறது என்பது புரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஆறு என்ற எண். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கிறுக்கல். வாரமாக இருக்கலாம், மாதமாக இருக்கலாம். இரண்டாவது வரியில் ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை.

"மறுபடி வரச் சொல்லியிருக்கு. ஆறு வாரத்துலயா ஆறு மாசத்துலயான்னு தெரியல. மத்த வரி வெளங்கல."

வாரமோ மாதமோ, இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அவன் திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவன் கடதாசியை வாங்கிப் பழைய மடிப்பிலேயே மடித்தான்.

"என்னவாம்?" என்றார் அத்தை.

"மறுபடி ஒருக்கா வரச் சொல்லியிருக்காங்களாம்."

"எப்ப?"

"இப்பத்தாம்மா. சரியா இப்பத்தான் போட்டிருக்கு. நாளைக்கே போவோம்."

மறுநாளும் மழை. அவர்கள் பஸ்ஸுக்கு நின்ற இடத்துக்கு நானும் குடையோடு போனேன். ரத்தினபுரிக்குக் கூட வருகிறேன் என்றேன்.

"வேணாம். டவுன்ல நானாவோட மருமகன் நிக்கிறான். அவன் வர்றேன்னிருக்கான்."

பஸ் வந்தது. அத்தை மிதிபலகையை முதலில் காலால் தடவிப் பார்த்துவிட்டு ஏறினார். ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"தம்பி, அந்த அண்ணன் பொறவு என்ன ஆனான்? அடுத்த பார்ட்டுல வருவான்னியே, நீ அத முடிக்கவே இல்ல."

"உள்ள போம்மா," என்றான் கூட்டாளி.

அத்தை பதிலுக்காக நின்றார். நான் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, வெறும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.