ஹிஸ்புல்லா வாங்கி வந்த புறாக்கள்

நிலாவெளிக் கரைக்கு எதிரே கடலில் நிற்கும் புறாமலைத் தீவைப் பறவைகளின் காப்பிடமாக்கி, எங்கள் பக்கத்து வீட்டு ஹிஸ்புல்லாவைக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். பாறை இடுக்குகளில் முட்டையிடும் சாம்பல் புறாக்களை யாரும் தொடக்கூடாது. அவரிடம் சுடத் துவக்கு இல்லை. சத்தம் போடவும் வராது. "வச்சிட்டுப் போங்க தம்பி" என்பார். பிடித்தவர்கள் வைத்துவிட்டுப் போவார்கள். அவரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடும் வலைகாரன் றஊப்கூட ஒரு முறை, முகத்தைத் தூக்கிக்கொண்டு, எடுத்த குஞ்சுகளைத் திரும்ப வைத்தான்.

அந்த வருடம் ஹிஸ்புல்லாவின் மாமி, அவர் மனைவி அசனாவின் உம்மா றுக்கியாவுக்குக் கைகால் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நாட்டு மருந்து பார்க்கும் பரியாரியார் புறாச் சூப்புக் கொடுக்கச் சொன்னார்.

"முன்னுக்குத் தீவு நிறையப் புறா. இவர் திருகோணமலைக்குப் போய் வாங்கப் போறாராம்" என்று அசனா வேலிக்கு மேலால் எங்களிடம் முறையிட்டாள்.

"அது அரசாங்கத்துப் புறா, புள்ள" என்றார் ஹிஸ்புல்லா உள்ளேயிருந்து.

"அரசாங்கத்துப் புறா அவியாதோ?"

அவர் பஸ் ஏறிப் போய், புறா வளர்க்கும் ஒரு வீட்டில் இரண்டு வாங்கினார். திரும்பி வந்து கூடையோடு கரை வழியாக நடந்தார். நாங்கள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தோம். றஊப் வலையை விட்டு எழுந்துவந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தான். இரண்டும் தீவுப் புறாக்களைப் போலவே சாம்பல் நிறம்.

"சட்டம் எங்களுக்கு மட்டும்தானோ, காக்கா?"

"டவுண்ல வாங்கின, றஊப்."

"ஓம் ஓம். புறாவும் அப்பிடித்தான் சொல்லுது."

கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹிஸ்புல்லாவின் முகம் கறுத்தது. இனி அவர் வைத்துவிட்டுப் போகச் சொன்னால் யார் வைப்பார்கள்?

கூடையை மணலில் இறக்கினார். "தீவுப் புறா எண்டா கடலுக்குப் போகும். டவுண் புறா எண்டா தன்ட கூட்டுக்குப் போகும். பாருங்க."

"உம்மாட சூப்பு!" என்று அசனா வீட்டிலிருந்து ஓடிவருவதற்குள் மூடியைத் திறந்துவிட்டார்.

புறாக்கள் வட்டமடித்தன. கடல் பக்கம் சாய்ந்தபோது றஊப் சப்புக்கொட்டினான். பிறகு அவை தென்னைகளுக்கு மேலால் நிமிர்ந்து, தெற்கே திருகோணமலையைப் பார்த்துப் பறந்தன.

அசனா கேட்டாள்: "இனி உம்மாக்குக் கூடையை அவிக்கிறதா?"

றஊப் இடுப்புச் சாரத்தில் ஒட்டிய மணலைத் தட்டினான். "வாங்க காக்கா, அடுத்த பஸ்ஸைப் பிடிப்பம்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது புறாக்கள் கூட்டின் மேல் இருந்தனவாம். வீட்டுக்காரர் முழுக் காசையும் மறுபடி வாங்கிக்கொண்டாராம்.

மாலையில் கூடையைத் தூக்கி வந்தவன் றஊப். எதிர்ப்பட்டவர்கள் கேட்காமலே, "டவுண் புறா. நான் பக்கத்தில நிண்டு வாங்கின" என்றான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த எங்களிடமும் ஒரு முறை சொல்லிவிட்டுத்தான் போனான்.