அக்காவுக்கு ஒரு குளக்கரை

பங்குனி உத்திரத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அதற்குள் சங்கரபாண்டியன் வேனுக்குச் சொல்லிவிட்டார், தார்ப்பாய்க்குச் சொல்லிவிட்டார், தெருவில் பெரிய பானை யார் வீட்டில் இருக்கிறது என்றும் விசாரித்துவிட்டார். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில், சட்டத்தில் அடுக்கிய குச்சிகளை மருந்தில் முக்கி எடுக்கிற வேலை அவருக்கு. எதையும் முன்னால் நின்று செய்கிற ஆள் இல்லை. கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்திக்குத்தான் உட்காருவார். அவர் இப்படி அலைவதைப் பார்த்து மனைவி சொர்ணத்தாய் கேட்டாள்.

"என்ன, எலெக்சன்ல நிக்கப் போறீயளோ?"

அவர்களுடைய குலசாமியான சாஸ்தா இருப்பது புளியங்குடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு குளக்கரையில். வருஷத்தில் உத்திரத்தன்று மட்டும் பங்காளிக் குடும்பங்கள் வேன் பிடித்துப் போவார்கள். மரத்தடியில் தார்ப்பாய் கட்டி, கல் கூட்டிப் பொங்கல் விட்டு, இரவு அங்கேயே படுத்திருந்து மறுநாள் திரும்புவார்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற கரிசல்காட்டு ஆட்களுக்கு, அலையடிக்கிற அவ்வளவு தண்ணீரைப் பார்ப்பதே பாதிக் கும்பிடு.

இந்த வருஷம் அக்காவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அலைச்சல் அதற்குத்தான்.

அம்மா இறந்தபோது அக்கா வெள்ளைத்தாய்க்குப் பதினாலு வயது. தம்பிக்கு ஆறு. அப்பா இருந்தார், அவ்வளவுதான். கருக்கலில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து ஹாரன் அடிப்பதற்குள் அக்கா கஞ்சி காய்ச்சி, தம்பியின் சட்டையில் அறுந்துபோன பித்தானைத் தைத்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். அவன் பத்தாவது முடிக்கிறவரை, கேட்டு வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் ஏதாவது குறை சொல்லித் திருப்பி அனுப்பினாள். உத்திரத்துக்குக் குளத்துக்குப் போனாலும் அவளுக்கு அடுப்புதான். தம்பி தண்ணீரில் இறங்கிவிடக் கூடாதென்று தாவணி முனையை அவன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு பொங்கலைக் கிண்டுவாள். குளம் அவள் முதுகுக்குப் பின்னால் கிடக்கும்.

இத்தனை நாள் இதெல்லாம் அவருக்கு ஒரு கணக்கிலும் வந்ததில்லை. இந்தத் தை மாதம் மகள் சுதாராணிக்குப் பதினாலு முடிந்தது. அன்றைக்குக் காலையில் அவள் தலை பின்னிவிடச் சொல்லி அம்மா மடியில் சரிந்து கிடந்தாள். பதினாலு என்பது எவ்வளவு சின்ன வயசு என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விளாத்திகுளம் பஸ் ஏறினார். அக்காவின் ஊர் அங்கிருந்து நாலு மைல். அத்தான் பெயர் சீனி. இந்த வருஷம் மிளகாய் போட்டிருந்தார். களம் முழுக்க வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. சங்கரபாண்டியன் தும்மிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். வேன், தார்ப்பாய், பானை எல்லாவற்றையும் சொன்னார். சீனி கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் சிரித்தார்.

"மாப்ள, ஒங்க அக்காவக் கட்டிக்குடுத்து இருவது வருசம் ஆச்சு. இப்ப அவளுக்கு எங்க சாஸ்தாதான சாஸ்தா? உத்திரத்தன்னைக்கு நீங்க கூட்டிட்டுப் போயிட்டா எங்க சாமிக்குப் பொங்கல் யாரு விடுவா? நீங்க வந்து விடுதீயளா?"

தெரியாத விஷயம் இல்லை. சொர்ணத்தாய் கல்யாணமான வருஷத்திலிருந்து தன் பிறந்த வீட்டுச் சாமியை விட்டுவிட்டு இவரோடுதான் வருகிறாள். அது இவருக்குச் சாதாரணமாக இருந்தது. அக்காவும் அப்படியே இன்னொரு வீட்டுக்குப் போனவள் என்பதுதான் மண்டையில் ஏறவே இல்லை. வேனுக்குச் சொல்லும்போதுகூட ஏறவில்லை.

அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "விடுலே. நெனச்சியே, அது போதும்" என்றாள்.

போதாது என்று பஸ்ஸில் வழி முழுக்க அவருக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. கோவில்பட்டியில் இறங்கும்போது ஒரு முடிவு வந்திருந்தது. உத்திரம் சாமிக்கு இருக்கட்டும். அதற்குப் பதினைந்து நாள் முந்தி ஒரு சனி, ஞாயிறு அக்காவுக்கு.

பங்காளிகளில் மூத்தவர் பூவனநாதன் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"கோயில் கொடை கெடையாது, பூசாரி வரமாட்டான். நேர்த்திக்கடனும் இல்ல. சும்மா குளத்தங்கரையில போயிப் படுத்துட்டு வாரதுக்கா வேன் பிடிக்க? மீன் களவாங்க வந்தவம்னு குத்தகைக்காரன் வெரட்டப் போறான்வே."

அவர் வரவில்லை. அவர் வராததால் மற்றவர்களும் வரவில்லை. சங்கரபாண்டியன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். சொர்ணத்தாய்க்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"அவிய வராட்டா என்ன? வேன்ல காலை நீட்டிக்கிட்டுப் போலாம். நீங்க போயி மைனியக் கேளுங்க. இந்தத் தடவை திக்காமக் கேளுங்க."

அடுத்த ஞாயிறும் அதே பஸ். களத்தில் சீனி வத்தலைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டு நடந்தார். அக்கா ஓரத்தில் குத்தவைத்து வெளுத்துப்போன சோடை வத்தலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உத்திரம் வேண்டாம் அத்தான். அதுக்கு முந்தி ஒரு சனிக்கிழமை போயிட்டு ஞாயித்துக்கெழமை வந்திருவோம்."

சீனி நின்றார். "வத்தல் களத்துல கெடக்கு. ஒரு மழை விழுந்தா அவ்வளவும் போச்சு. இந்த நேரத்துல அங்கன என்ன வேலை? ஏதும் நேர்த்திக்கடன் கெடக்கா?"

"நேர்த்திக்கடன் இல்ல."

"பெறவு?"

பஸ்ஸில் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் இப்போது வரவில்லை. கண் எரிந்தது. வத்தல் நெடிதான் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமலே பேசினார்.

"அக்கா அந்தக் குளத்துக்கு எத்தனையோ வருசம் வந்திருக்கா அத்தான். ஒரு நாளும் தண்ணில காலு நனைச்சதில்ல. நான் எறங்கிருவேன்னு என்னையக் கட்டிப் போட்டுக்கிட்டு அடுப்புல நிப்பா. ஒரு நாளாவது அவ அங்கன சும்மா உக்காரணும். எனக்கு அதப் பாக்கணும். வேற ஒண்ணும் இல்ல."

அக்காவின் கை வத்தலில் அப்படியே நின்றது. சீனி களத்தின் அந்த முனைவரை கிளறிக்கொண்டே போனார். திரும்பி வரும்போதும் கண் வத்தலிலேயே இருந்தது. சங்கரபாண்டியன் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

"சோறு யாரு ஆக்குவா?" என்று கேட்டது அக்கா.

"நான் ஆக்குதேன்."

"நீயா? அப்பம் நான் இங்கனயே தின்னுட்டு வந்திருதேன்."

சீனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடே சொன்னார். "போயிட்டு வரட்டும் மாப்ள. ஒரு ராத்திரிதான. வத்தல நான் பாத்துக்கிடுதேன்."

சங்கரபாண்டியன் செருப்பைத் தேடுவதை விட்டார். அத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்று அவரும் காலால் வத்தலைக் கிளற ஆரம்பித்தார். "அப்படி இல்ல, மெல்ல, காம்பு ஒடிஞ்சிரும்" என்று சீனி திருத்தினார். வெயில் ஏறுகிறவரை இருவரும் கிளறினார்கள்.

திரும்பும்போது அக்கா பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள். வழியெல்லாம் சுதாராணி பரீட்சையைப் பற்றித்தான் பேசினாள். பஸ் வந்து அவர் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே சங்கரு, வேன்ல இன்னொரு ஆளுக்கு எடம் இருக்கும்லா?"

"ஆருக்கு?"

"ஒங்க அத்தானும் குளம் கண்டதில்லலே. இந்தக் கம்மாய விட்டா வேற என்னத்தப் பாத்திருக்காவ? வத்தலுக்குப் பக்கத்துக் களத்துல சொல்லிக்கிடலாம்."

பஸ் நகர்ந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "கூட்டிட்டு வாக்கா" என்றார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை.