எடெல்வினா வாரிவிட்ட தலைகள்

பால்டோமெரோ இரியார்த்தே இறந்துவிட்டார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. எடெல்வினா தெச்சேரா அவர் தலைமாட்டில் நின்று ஈரச் சீப்பால் வகிடு எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவர் உதடு அசைந்தது.

"அந்தப் பக்கம் இல்ல" என்றார்.

எடெல்வினா உடனே கத்தவில்லை. அதைத்தான் பிற்பாடு அவளால் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. பத்தொன்பது வருடமாக ஒரே வேலையைச் செய்த கை, சொன்னதைக் கேட்டது. எடுத்த வகிட்டை அழித்து, முடியை மொத்தமாகப் பின்னால் இழுத்து, இடப்பக்கம் புதிதாக ஒரு கோடு கிழித்தது. இரண்டு விரல் கோமினாப் பசையை எடுத்துக் காதோரம் வைத்து அழுத்தியது. சீப்பைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டது. அதற்குப் பிறகுதான் அவள் அலறினாள். அந்த அலறலுக்குத் தெருவில் நின்றிருந்த வண்டிக் குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாகச் சொல்வார்கள்.

அது 1954 ஜூலை, அங்கே அது குளிர்காலம். டோலோரெஸ் என்ற அந்த ஆற்றங்கரை ஊரில் அந்த நாளில் ஆண்பிள்ளை என்று இருந்தவன் எவனும் கோமினா பூசாமல் வாசல் தாண்டமாட்டான். படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவன்கூட சனிக்கிழமை சாயங்காலம் தலையை நனைத்து, அந்தப் பசையைக் குழைத்துப் பூசி, நெற்றியிலிருந்து பிடரிவரை படிய வாரிவிடுவான். காயக் காய அது ஓடு மாதிரி இறுகிவிடும். சீப்பின் பல் போன தடம்கூட அப்படியே நிற்கும். விடியவிடிய ஆடினாலும் ஆற்றங்காற்று அடித்தாலும் ஒரு முடி எழும்பாது. வசதியுள்ளவர்கள் மருந்துக்கடையில் புட்டி வாங்கினார்கள். இல்லாதவர்கள் வீட்டிலேயே ஆளிவிதையைக் கொதிக்கவைத்து வடிகட்டிக்கொண்டார்கள். ஊரைச் சுற்றி ஆளி வயல்தானே.

எடெல்வினாவின் புருஷன் மூட்டை தூக்கியவன். அவனுக்குத் தலைவாரிவிடுவது அவள் வேலை. ஒரு மகளை விட்டுவிட்டு அவன் முப்பத்துநாலு வயதில் நிமோனியாவில் போனபோது, பெட்டியில் வைப்பதற்கு முன்னால் வழக்கம்போல் வாரிவிட்டாள். சாவுக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். "சனிக்கிழமை டான்ஸுக்குக் கிளம்பின மாதிரியே இருக்கான்" என்று ஒருத்தி சொன்னாள். அடுத்த மாதம் அந்த ஒருத்தியின் அண்ணன் இறந்தபோது எடெல்வினாவுக்கு ஆள் வந்தது. அப்படியே தொடர்ந்தது. உயிரோடு இருக்கும்போது கோமினா இல்லாமல் வெளியே வராத மனுஷனை அது இல்லாமல் மண்ணுக்கு அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. அவள் வருவாள், கதவைச் சாத்திக்கொள்வாள், அரைமணி நேரத்தில் முடித்துவிட்டுப் போவாள். அதிகம் பேசமாட்டாள்.

பால்டோமெரோ மாட்டுச் சந்தையில் ஏலம் கூவுகிறவர். குரலும் தலையும்தான் அவர் சொத்து. ஐம்பத்தொரு வயதிலும் கருகருவென்று, மெருகேற்றின செருப்புபோல் பளபளக்கும் தலை. முந்தின இரவு உறைபனியில் சந்தை மைதானத்தில் விழுந்துகிடந்தார். ஊர் டாக்டர் வெளியூர் போயிருந்ததால் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் நடுராத்திரிக்கு மேல் வந்தார். கையைத் தொட்டுப் பார்த்தார், கண்ணாடித் துண்டை மூக்கருகே பிடித்தார், தலையை ஆட்டினார். விடிந்ததும் மனைவி ஜுல்மா எடெல்வினாவை அழைத்துவரச் சொன்னாள். எந்தப் பக்கம் வகிடு என்று எடெல்வினா கேட்டதற்கு, "வலப்பக்கம்" என்றாள். எதிரே நின்று பார்த்தே பழகியவள் அல்லவா, அவருடைய இடப்பக்கம் அவளுக்கு வலப்பக்கம்.

அலறல் கேட்டு முதலில் ஓடிவந்தது ஜுல்மாதான். பால்டோமெரோ கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார், வாயைக் கட்டியிருந்த துணி கழுத்தில் தொங்க. ஜுல்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, தகவல் சொல்வதுபோல, மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க செத்துட்டீங்க."

"யாரு சொன்னது?"

"டாக்டரு."

"கூப்பிடு அந்தாள."

அவளுக்குப் பின்னால் அவள் தம்பி ரூபன் எட்டிப்பார்த்தான். பார்த்தவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். பால்டோமெரோ அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ரூபன். அது என் சாம்பல் கலர் கோட்டுதானே?"

"சும்மா... அளவு பாத்தேன் மச்சான்."

"கழட்டுடா."

ரூபன் கழற்றினான். கழற்றின வேகத்தில் ஒரு பொத்தான் தெறித்து எடெல்வினாவின் காலடியில் உருண்டது. குனிந்து எடுத்தவள் நிமிரமுடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூடத்தில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதி வரியில் நிறுத்திவிட்டார்கள். அதே டாக்டர் வந்தார். மூன்று முறை நாடி பார்த்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், கொடுத்த கிராப்பா சாராயத்தைத் தொடவே இல்லை.

ஊருக்கு இரண்டு நாள் வாயடைத்துப்போயிருந்தது. மூன்றாம் நாள் கிளப்பில் சிரிப்பு ஆரம்பித்தது. "எடெல்வினா சீப்பு பட்டா போதும்பா, போனவனும் எந்திரிச்சுருவான்." ஒருத்தன் மரியாதையாக டோன்யா போட்டே கெஞ்சினான்: "டோன்யா எடெல்வினா, உங்களக் கும்புட்டுக் கேக்கறேன், எங்க மாமியாருக்கு மட்டும் வாரிவிட்றாதீங்க." அவள் ரொட்டிக்கடைக்குப் போனால் வரிசை விலகி வழிவிட்டது. சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அவளுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. பால்டோமெரோ எழுந்த அதிர்ச்சி ஒரு நாளில் அடங்கிவிட்டது. அதற்குப் பின்னால் வந்தது அடங்கவில்லை. அடுப்பில் மாத்தே தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது அது திடீரென்று வந்து நின்றது: இவர் ஒருத்தர் பேசிவிட்டார். பேசமுடியாதவர்கள்?

பத்தொன்பது வருடம். எத்தனை தலை என்று அவள் கணக்கு வைத்ததில்லை. இப்போது ஒவ்வொன்றாக வந்தன. சுருட்டை முடிக்காரர்கள், வழுக்கையை மறைக்க ஒரு காதிலிருந்து மறு காதுக்கு முடியை இழுத்து ஒட்டியவர்கள். எல்லோரையும் அவள்தான் ஒப்பனை செய்து, கதவைத் திறந்து, "முடிஞ்சுது" என்று சொல்லி, பெட்டிக்கு ஒப்படைத்தவள். கெட்டில் கொதித்து வழிந்து அடுப்பு அணைந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நாலாம் நாள் பால்டோமெரோ வீட்டுக்குப் போனாள். அவர் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். தலை வாரியிருந்தது, ஆனால் கோணலாக.

"டோன் பால்டோமெரோ, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு எப்பலேர்ந்து காது கேட்டுச்சு?"

அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"விடியறதுக்கு முன்னாடிலேர்ந்து. எல்லாமே கேட்டுச்சு. அவளும் ரூபனும் என் கோட்டுக்கு அடிச்சுக்கிட்டது, பெட்டிய உள்ள கொண்டுவரக் கதவக் கழட்டினது, எல்லாம். ஒரு விரல அசைக்க முடியல. கத்தறேன், கத்தறேன், உள்ளுக்குள்ளயே கத்தறேன்."

"அப்பறம் எப்படி..."

"நீங்க தப்பான பக்கம் வகிடு எடுத்தீங்க. இருபத்துநாலு வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தினவ தப்பாச் சொல்லிட்டாளேன்னு ஒரு கோவம் வந்துச்சு பாருங்க. அந்தக் கோவத்துல நாக்கு அசைஞ்சிருச்சு." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன் கேக்கறீங்க?"

அவள் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள். தப்பாக எடுத்ததால் ஒருவர் பிழைத்தார். மற்ற எல்லோருக்கும் அவள் சரியாகவே எடுத்திருந்தாள்.

அந்த மற்றவர்களில் ஒருவன்தான் நிக்காசியோ சில்வெய்ரா. ரொட்டிக்கடை ரமீராவின் ஒரே மகன், இருபத்தாறு வயது. 1949 ஜனவரிக் கோடையில் நடனமாடிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். இதயம் என்றார்கள். வெயில் கொளுத்தியதால் மறுநாள் சாயங்காலத்துக்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். வாரும்போது அவன் கையை நகர்த்திவைத்தாள் எடெல்வினா. கை வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னல் வழியே வெயில் விழுகிறது, அதனால்தான் என்று நினைத்து, திரையை இழுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

அதை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவுசெய்திருந்தாள். ஆனால் ஒன்பதாம் நாள் மத்தியானம் ரமீராவே வந்து கதவைத் தட்டினாள். மாவு ஒட்டின ஏப்ரனோடு, கடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எடெல்வினா, என் பையனுக்கு நீதானே வாரிவிட்ட."

"ஆமா."

"அவன் எப்படி இருந்தான்?"

"எல்லாரையும் மாதிரிதான். சில்லுன்னு இருந்தான். கல்லு மாதிரி."

ரமீரா அவளையே பார்த்தாள்.

"பொய் சொல்ற."

எடெல்வினா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"நீ வந்து போனப்புறம் நான் அவன் கையப் பிடிச்சேன்" என்றாள் ரமீரா. "சுட்டுச்சுடி. நானும் வெயில்னு நெனச்சேன். பெத்தவ நான், கையப் பிடிச்சுக்கிட்டு வெயில்னு நெனச்சேன். அஞ்சு வருஷமா அது எனக்கு ஞாபகமே வரல. பால்டோமெரோ எந்திரிச்சாருன்னு சேதி வந்தப்போ, மாவுல கைய வெச்சேன், ஞாபகம் வந்துருச்சு."

இரண்டு பேருக்கும் அழக்கூடத் தோன்றவில்லை. சமையலறையில் மூடி போட மறந்த கோமினா புட்டியைச் சுற்றி ஒரு ஈ பறந்துகொண்டிருந்தது.

"பாத்துருவோம்" என்றாள் ரமீரா.

"எத?"

"கல்லறை மாடத்தத் தொறந்து. அஞ்சு வருஷத் தவணை முடிஞ்சிருச்சு, எலும்ப எடுத்துச் சின்னப் பெட்டில வெக்கச் சொல்லி ஜனவரிலயே கடுதாசி வந்துது. நான்தான் போகல. நீ வர்ற."

எடெல்வினா மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் போய்க் கோமினா புட்டியை மூடினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். சுவரில் அடுக்கடுக்காக இருக்கும் மாடங்களில் மூன்றாவது வரிசை. கல்லறைக் காவலர் ஏணி போட்டுப் பலகைக் கல்லைப் பெயர்த்தார். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, "அம்மா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க. நான் எடுத்துவெச்சுட்டுக் கூப்பிடறேன்" என்றார்.

"தொறங்க" என்றாள் ரமீரா.

எடெல்வினா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கீறின மூடியை, பிய்ந்த துணியை, மடங்கின முழங்காலை அவள் ஒன்பது நாளாக மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணி கழலும் சத்தம் கேட்டது. பலகை நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

"எடெல்வினா. பாரு."

பார்த்தாள். முகம் இல்லை. அது தெரிந்ததுதான். ஆனால் தலை இருந்தது. அவள் அன்று வாரிவிட்ட அதே தலை. பசை காய்ந்து பழுப்பேறி, ஒரு தொப்பியைப்போல் மண்டையில் படிந்திருந்தது. இடப்பக்கம் வகிடு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. சீப்பின் பல் போன தடங்கள் நெற்றியிலிருந்து பின்னால் போயிருந்தன, ஒன்றுகூடக் கலையாமல். தலையணை உறையில் ஒரு சுருக்கம் இல்லை.

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"டோன்யா ரமீரா. அவன் அசையல."

"என்ன சொல்ற?"

"கோமினா காய்ஞ்சிருச்சுன்னா, காத்துக்கு அசையாது, ஆனா தலையணைல ஒரு தடவ தேச்சாப் போதும், ஒடஞ்சு கலைஞ்சிரும். மறுபடி நனைச்சாத்தான் படியும். இது ஒடையவே இல்ல. பாருங்க, இந்தக் காதோரம் பாருங்க. நான் வெச்ச விரல் தடம் அப்படியே இருக்கு. அவன் முழிக்கல. ஒரு தடவகூட முழிக்கல."

ரமீரா பெட்டிமேல் குனிந்தாள். முகம் ஒட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். காவலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவள் விரலை நீட்டி, தொடப்போய், தொடாமல் இழுத்துக்கொண்டாள், கலைந்துவிடுமோ என்று பயந்தவள்போல.

"நல்லாத்தான் வாரியிருக்க" என்றாள். அதற்கப்புறம்தான் அவள் அழுதாள், கல்தரையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு.

சேதி பரவியது. இன்னும் நாலைந்து குடும்பங்கள் தங்கள் மாடங்களையும் திறக்கவேண்டும் என்று நகராட்சிக்குப் போய் நின்றன. அனுமதி கிடைக்கவில்லை. பாதிரியார் பிரசங்கத்தில் கண்டித்தார். திறக்கமுடியாதவர்கள் எடெல்வினாவிடம் வந்தார்கள். எங்கள் அப்பாவுக்குக் கோமினா நிறையப் போட்டாயா, கொஞ்சமாகப் போட்டாயா என்று கேட்டார்கள். ஞாபகம் இருந்ததைச் சொன்னாள். இல்லாததை இல்லை என்றாள். அந்த இரவுகளில் அவள் தூங்கினாளா என்பது அவளுக்குத்தான் தெரியும்.

வேலையை அவள் விடவில்லை. ஆனால் அரைமணி நேரத்தில் முடிகிற வேலை அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் எடுத்தது. முதலில் வகிட்டைத் தப்பான பக்கம் எடுத்துவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்திருப்பாள். அவள் வேலைசெய்த அடுத்த பதினோரு வருடத்தில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. பால்டோமெரோ மாட்டுச் சந்தைக்குத் திரும்பினார். ரூபனோடு சாகும்வரை பேசவில்லை. ஜுல்மா தனி அறையில் படுத்துக்கொண்டாள், கதவைத் தாழிட்டுக்கொண்டு. ஒரு முறை அழுதுமுடித்த மனுஷனோடு எப்படிப் பேசுவது என்றே தெரியவில்லை என்று தங்கையிடம் சொன்னாளாம். பின்னாளில் அவர் தலைநகர் மோந்தெவிதேயோவில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்தபோது அங்கே யாரோ வாரிவிட்டார்கள்.

எடெல்வினா 1971 பிப்ரவரியில், தூக்கத்தில் போனாள். தன்னை மூன்று நாள் புதைக்காமல் வைத்திருக்கவேண்டும் என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நல்ல கோடை. இரண்டாம் நாளே பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, போதும் என்று கெஞ்சினார்கள். மகள் அறைக்கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்றாள்.