கீழிருந்து ஒட்டிய போஸ்டர்

ஆரணியில் போஸ்டர் என்றால் சினிமா போஸ்டர்தான். எண்பதுகளின் நடுவில், எம்.ஃபில். முடிக்கும் தறுவாயில் இருந்த நான், சென்னையில் ஒரு கருத்தரங்கில் என் ஆராய்ச்சியைப் போஸ்டராக வைக்கப் போகிறேன் என்றதும் தெருவில் பாதிப் பேர் என்னைக் கதாநாயகியாக்கிக் கிண்டல் செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொதுவாகவே எனக்குச் சிரிப்பு லேசில் வராது.

பட்டு நூலுக்குச் சாயம் போடுமுன் சோப்புத் தண்ணீரில் வேகவைத்து அதன் பசையை நீக்குவார்கள். எங்கள் ஊரில் சில கிணற்றுத் தண்ணீரில் வேகவைத்த நூல் மட்டும் மினுமினுப்பு இழந்து, சாயமும் திட்டுத் திட்டாகப் பிடித்தது. அது ஏன் என்பதுதான் என் ஆராய்ச்சி. வேலூர் கல்லூரியில் எனக்கு வழிகாட்டிய பேராசிரியர் அந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார். மேற்கொண்டு பிஎச்.டி. செய்ய வேண்டுமானால் வேறு யாராவது என்னை ஏற்றுக்கொள்ள வேண்டும். கருத்தரங்கில் யாராவது என் போஸ்டர் முன் நின்றால் உண்டு. இல்லாவிட்டால் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சேத்துப்பட்டில் ஒரு பள்ளிக்கூட வேலை காத்திருந்தது. ஜூனில் வருவாயா மாட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த வேலையைக் குறை சொல்லவில்லை. எனக்கு அது வேண்டாம், அவ்வளவுதான்.

என் கணவர் சேலை பார்டருக்கு டிசைன் போடுபவர். கிராஃப் தாளில் மயிலையும் மாங்காயையும் கட்டம் கட்டமாக நிரப்புவார். கை அவ்வளவு சுத்தம். அதனால் டைப் அடித்த தாள்களின் பின்பக்கம் வரிசையாக எண் போட்டு, ஒரு பெரிய தாளில் ஒட்டச் சொல்லி அவரிடம் கொடுத்தேன்.

“ஒண்ணுல இருந்து வரிசையா ஒட்டுங்க. தலைப்பு மட்டும் தனியா, உச்சியில.”

“டிசைன் போடறவன்கிட்டயே வரிசை சொல்லிக் குடுக்கிறியா? நீ போ, நான் பாத்துக்கிறேன்.”

நான் நூல் மாதிரிகளுக்குச் சீட்டு எழுதிவிட்டு வருவதற்குள் ஒட்டி, காயவைத்து, சேலை சுற்றும் கட்டையில் சுருட்டி, வேட்டித் துணியால் கட்டியும் வைத்துவிட்டார். ஒருமுறை பிரித்துப் பார்க்கிறேன் என்றேன்.

“கசங்கிடும். சும்மா பேஜார் பண்ணாத” என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் கிளம்பினோம்.

சென்னையில், எனக்கு ஒதுக்கிய பலகையில் சுருளை விரித்துக் குத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். தலைப்புக்கு நேர் கீழே முடிவுரை. அதற்குக் கீழே அளவீடுகள். முன்னுரை தரையோடு தரையாகக் கிடந்தது.

“என்னங்க இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்க?”

“ஏன், ஒண்ணுல இருந்துதானே ஒட்டிகினு போனேன்?”

“ஒண்ணு கீழ கெடக்குதே!”

“கீழ இருந்துதானே ஆரம்பிப்பாங்க?” என்றார், உண்மையிலேயே புரியாமல்.

அவர் வரையும் தாளில் முதல் வரி அடியில்தான் இருக்கும். தறியில் முதலில் நெய்வது அதைத்தான். அதன்மேல் வரி வரியாகப் பூ ஏறும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படியே வரைந்தவர். ஆத்திரத்தில் ஒரு மூலையைப் பிய்த்தேன். தாள்தான் கிழிந்தது, பசை விடவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

வெகுநேரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு, வேறொரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியை ஒருவர், கடந்துபோனவர், நின்றார். அவர் கண்ணுக்கு நேரே முடிவுரை: நூல் மங்குவதற்குக் காரணம் நீரின் கடினத்தன்மை.

“எப்படிச் சொல்றீங்க?” என்று சண்டைக்கு வந்தவர்போல் கேட்டார்.

சண்டை எனக்குப் புதிதா? அளவீடுகளைக் காட்டினேன். இந்த அளவை எப்படி எடுத்தீர்கள் என்று அடுத்த தாளுக்கு இறங்கினார். நான் பதில் சொல்லச் சொல்ல அவர் கேள்வியோடு கீழே போய்க்கொண்டே இருந்தார். முதலில் குனிந்தார், பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேர் தரையில் உட்கார்ந்தால் நம் ஜனங்கள் சும்மா போவார்களா? கூட்டம் கூடிவிட்டது.

“முடிவை முதல்ல சொல்லிட்டு, முடிஞ்சா மறுத்துப் பாருன்னு நிக்கிறீங்க. இந்தத் தைரியம் எனக்குப் பிடிச்சிருக்கு” என்றார் பேராசிரியை.

“என் தைரியம் இல்லைங்க மேடம். வீட்டுக்காரர் கீழ இருந்து ஒட்டிட்டார்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கேட்டார்: “இரும்பு பாத்தீங்களா? தண்ணியில இரும்பு இருந்தாலும் நிறம் மங்குமே.”

“பாக்கலைங்க.”

“அப்போ இது பாதி முடிவுதான்” என்று எழுந்தார். தொலைந்தது, சேத்துப்பட்டுதான் என்று நினைத்தேன். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டே அவர் சொன்னார்: “மீதிப் பாதியை எங்க லேப்ல வந்து பாருங்க. ஜூன்ல சேர்ந்துடுங்க.”

திரும்பும் பஸ் ஆற்காட்டைத் தாண்டியது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. சுருளை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு என் கணவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

“நாளைக்கு டிசைன் குடுக்க தேவிகாபுரம் போறேன். அப்படியே சேத்துப்பட்டு போயி ஸ்கூல்ல சொல்லிட்டு வந்துடட்டா?”

“என்னன்னு சொல்லுவீங்க?”

“ஜூன்ல அவங்களால வர முடியாது, கெணத்துல இரும்பு தேடிகினு இருப்பாங்கன்னு.”

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.