அக்கா சுடாத தட்டு

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் தோணிரேவு கிராமத்தில், வலையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்த மீன் வலைக்காரருக்குச் சொந்தமில்லை. முதலில் கை வைக்கும் பிள்ளைக்குச் சொந்தம். அதைப் பிடுங்கிக்கொள்ளும் பெரியவரை ஊரே கேலி செய்யும். எட்டு வயதில் நான் இந்த வித்தையில் பெரிய கெட்டிக்காரி. எது விழுந்தாலும் என் கால் என்னைக் கேட்காமலே ஓடும். அந்தக் கால்தான் என் அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அக்கா பொன்னேரியில் பதினோராம் வகுப்புப் படித்தாள். பள்ளியில் என்சிசியில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தபோது குறி நன்றாக வந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், நஷ்டப்பட்டு மூடிய இறால் பண்ணை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, அதில் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்துவந்தார். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். அங்கே ஓர் இயந்திரம் ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்றை வானத்தில் வீசும். அது பறக்கும்போதே சுட்டு உடைக்க வேண்டும். தட்டைச் சுட்டால் குழம்பு வைக்க முடியுமா என்று எங்கள் அப்பா, நைனா, சிரித்தார்.

ஆனால் துப்பாக்கி சுடும் தேர்வில் ஜெயித்தால் சென்னையில் ஹாஸ்டல், காலேஜ் எல்லாம் இலவசம் என்று மாஸ்டர் வீட்டுக்கே வந்து சொன்னதும் நைனாவின் சிரிப்பு நின்றது. ஒரு தடவை பார்க்கலாம், இல்லாவிட்டால் இறால் உரிக்கும் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட வேண்டும் என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அக்கா வீட்டில் துடைப்பத்தைத் தோளில் வைத்துப் பழகினாள். அதிலும் ஆயிரம் சட்டம். தன் முறை வரும்வரை துப்பாக்கி மடித்துத் திறந்தே கையில் கிடக்க வேண்டுமாம். சுடப்போகும் நொடி வரை விரல் விசைக்குப் போகக் கூடாதாம். சுடும் இடத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டி ஒரு கோழிகூடப் போகக் கூடாதாம். வாசலில் யாராவது குறுக்கே போனால் துடைப்பத்தைத் தரைக்குத் தாழ்த்திவிடுவாள். தொடப்பத்துல குண்டா இருக்குது என்று அம்மா கேட்டாள்.

"இருக்குதுன்னுதாம்மா நெனைக்கணும்" என்றாள் அக்கா. நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

தேர்வு நாளில் அக்காவுக்குப் பதில் அம்மா எனக்குச் சடை பின்னி, கல்யாணத்துக்குப் போவது போலப் பந்தாகக் கனகாம்பரம் வைத்துவிட்டாள். பண்ணையில் எங்களைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்து, என்ன நடந்தாலும் தாண்டக் கூடாது என்று மாஸ்டர் இரண்டு தடவை சொன்னார். நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். என் கண் மட்டும் எதிரே இருந்த பழைய குளத்தில் இருந்தது. பிள்ளைகள் தவறவிட்ட தட்டுகள் அங்கே சேற்றில் முழுசாகக் கிடந்தன. அத்தனை ஆரஞ்சு, ஒன்றைக்கூட எடுக்க ஆளில்லை.

அக்கா நன்றாகச் சுட்டாள். தட்டு தட்டாகத் தூளானது. இன்னும் நாலைந்து உடைத்தால் இடம் உறுதி என்று பக்கத்திலிருந்தவர்கள் நைனாவிடம் சொன்னார்கள். எல்லோரும் அவளையே பார்த்த நேரத்தில் நான் ஓரமாக நழுவி, கயிற்றின் கீழே நுழைந்து, குளக்கரை மேட்டின் மறைவில் ஓடினேன். பாதுகாப்பு என்று பார்த்தால் எனக்குத் தெரிந்த ஒரே சட்டம், வேறு பிள்ளை முந்திவிடக் கூடாது என்பதுதான்.

அடுத்த தட்டு பறந்தது. தட்டு ஏறும்போதே சுட்டுவிடு, இறங்கும்போது அதன் பின்னால் போகாதே என்று மாஸ்டர் அவளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருந்தார். இதில் மட்டும் அவள் பிந்தினாள். துப்பாக்கி இறங்கும் தட்டோடு சேர்ந்து இறங்கியது. அது எங்கே விழுகிறது என்று பார்க்க நான் கரைமேல் ஏறி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

சுட்ட சத்தம் வரவில்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பியபோது அக்கா ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்து நிறுத்து என்று கத்திக்கொண்டிருந்தாள். துப்பாக்கி திறந்து கிடந்தது. தோட்டாக்கள் தரையில் கிடந்தன.

மாஸ்டர் என்னை அடிக்கவில்லை. எல்லாரையும் அழைத்து, இந்தப் பெண் இப்போது செய்ததுதான் முதல் பாடம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அதற்கும் மார்க் உண்டு என்று நினைத்து நைனா பலமாகத் தட்டினார். மார்க் கிடையாது. அந்தத் தட்டை மட்டும் கணக்கில் சேர்க்காமல், அதற்குப் பதில் வேறு தட்டு கொடுத்தார்கள்.

அதை அக்கா தவறவிட்டாள். அடுத்ததையும் தவறவிட்டாள். அதற்குப் பிறகு அவள் சுடவே இல்லை. தட்டை வீசச் சொல்லி அவள் குரல் கொடுப்பாள், தட்டு பறக்கும், விழும். துப்பாக்கி அவள் தோளில் சும்மா இருக்கும். மாஸ்டர் மெல்ல வந்து அதை வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அவள் அழுதுகொண்டே வந்தாள். சமாதானப்படுத்தலாம் என்று, கீறல்கூட விழாத அந்தத் தட்டை அவள் மடியில் வைத்தேன்.

"வெரலு விசைக்குப் போயிடுச்சுடி" என்றாள். "ஒன் பூவத் தட்டுன்னு நெனச்சேன். சடை தொங்குனதப் பாத்துதான் தெரிஞ்சுது."

"அப்போ இன்னாத்துக்கு சுடல?" என்று கேட்டேன்.

அடுத்த வாரமே அக்கா கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். பத்து வருஷத்துக்கு மேலாகிறது, இன்னும் இறால்தான் உரிக்கிறாள். அன்று செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தவள் அவள் ஒருத்திதான். அதற்கு அவளுக்குக் கிடைத்தது ஐஸ் தண்ணீரில் வெளுத்த விரல்கள். காலேஜுக்குப் போனது நான்.

அந்த நாளிலிருந்து எனக்குத் தலை பின்னிவிடுவதை அக்கா நிறுத்திவிட்டாள். ஏரிக்கரையின் ஒற்றையடிப் பாதையில் என்னைத் தனக்கு முன்னால் நடக்க விடமாட்டாள், பின்னாடி வா என்பாள். என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அப்படிச் செய்கிறாள் என்று நினைத்தேன். நானும் ரோஷக்காரி, அவள் முதுகைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டே நடப்பேன். அவளால் பார்க்க முடியாமல் போனது என் பின்னந்தலையை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.