தலைமாட்டில் நிற்பவள்

ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டுக் கம்பியில் கை வைத்தவள், உடனே எடுத்துவிடுவாள். சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் வந்து, படுத்திருப்பவரின் கண்ணுக்கு நேரே குனிவாள். "இந்த மூஞ்சிய நல்லாப் பாத்துக்கங்க. நான்தான் தள்ளப் போறேன். பின்னாலதான் இருப்பேன்." அதன் பிறகுதான் சக்கரம் நகரும்.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் ஸ்ட்ரெச்சர் அக்கா. இருபத்திரண்டு வருஷமாக வார்டுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் இடையே ஆட்களைத் தள்ளுகிறாள். வழியெல்லாம் வாய் ஓயாது. மேடு வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவாள். லிஃப்டுக்கு அவள் வைத்த பெயர் மாமனார். கூப்பிட்டால் வராதாம், வந்தாலும் முனகிக்கொண்டுதான் வருமாம். வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள் என்று நடுங்கிக் கிடப்பவர்கள்கூட அதைக் கேட்டுச் சிரித்துவிடுவார்கள்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. வேகம்தான் அவளுக்குப் பெருமை. படுத்திருப்பவர் என்ன கேட்டாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

தன் கணவரையும் அப்படித்தான் தள்ளிக்கொண்டு போனாள். நெஞ்சுவலி, சீக்கிரம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வழியில் அவர் மூன்று முறை "எங்க இருக்க?" என்று கேட்டார். வீட்டிலும் அவர் அப்படித்தான். கண்ணெதிரே தொங்கும் சட்டையை எங்கே என்று கேட்டு உயிரை வாங்குவார். இங்கேயும் ஆரம்பித்துவிட்டாரே என்று அவளுக்கு எரிச்சல். பதில் சொல்லாமல் தள்ளினாள். தியேட்டர் கதவு மூடியது. அவரை உயிரோடு பார்த்தது அதோடு சரி.

அடுத்த வருஷம் அவளுக்குப் பித்தப்பையில் கல். அதே ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். கூரையும் ட்யூப் லைட்டும் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. தள்ளியவள் பத்து வருஷம் கூடவே வேலை பார்த்தவள். இருந்தும் பாதி வழியில், "ஏம்மா, பின்னால இருக்கியா?" என்று இவள் வாய் தானாகக் கேட்டுவிட்டது. கேட்ட மாத்திரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. தேம்பித் தேம்பி அழுதாள். ஆபரேஷன் பயம் என்று நினைத்து நர்ஸ் தேற்றினாள்.

"அவரு மூஞ்சி எனக்கு முழுசாத் தெரிஞ்சுது. அதனால என் மூஞ்சியும் அவருக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன்." யார் கேட்டாலும் இவ்வளவுதான் சொல்வாள். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

நேற்று விபத்தில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நினைவே இல்லை. அக்கா வழக்கம்போலச் சுற்றி வந்து குனிந்தாள். அவருக்கு ஒன்றும் தெரியாது, கிளம்புங்கள் என்று நர்ஸ் அவசரப்படுத்தினாள்.

"அது நமக்கு எப்படிம்மா தெரியும்?"

முகத்தைக் காட்டிவிட்டு, பின்னால் போய்த் தள்ளத் தொடங்கினாள். அவர் எதுவும் கேட்கவில்லை. தியேட்டர் கதவை எட்டுவதற்குள், "இங்கதான் இருக்கேன்" என்று மூன்று முறை சொன்னாள்.